ஹட்டனில் ஒரு கடை விலைக்கு வந்தது

என் அண்ணன் என்னை ஹட்டனுக்கு அனுப்பியதற்குக் காரணம், நான் எதையும் லேசில் நம்பமாட்டேன் என்பதுதான்.

திருச்சி பெரிய கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. அதை விற்றுவிட்டு, இலங்கையின் தேயிலை மலையில் ராமலிங்கம் என்பவருடைய கடையை வாங்கி, குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. ராமலிங்கம் துறையூர்க்காரர். அண்ணனோடு படித்தவர். மீசை முளைக்கும் வயதில் கப்பலேறிப் போய், ஹட்டனில் கம்பளியும் குடையும் சேலையும் விற்று முன்னுக்கு வந்தவர். எப்போதும் கூட்டம் அலைமோதும் கடை, அதைத் தந்துவிட்டு ஊருக்கே வந்துவிடப்போகிறேன் என்று அவரே எழுதியிருந்தார்.

“கூட்டம் அலைமோதுகிற கடையை எதற்காகத் தருகிறார்?” என்று கேட்டேன்.

“அதைப் பார்த்துவிட்டு வரத்தான் உன்னை அனுப்புகிறேன்” என்றார் அண்ணன்.

கடலில் நான் பட்ட பாட்டையும், சுங்கத்தில் என் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டியதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினேன். பல் தந்தியடித்தது. திருச்சியில் மார்கழிக் குளிருக்கே சால்வை தேடுகிறவன் நான். மேகம் ஸ்டேஷன் கூரைக்குக் கீழே இறங்கி பிளாட்பாரத்தில் நடமாடிக்கொண்டிருந்தது. கம்பளிக் கோட்டும் மப்ளருமாக ராமலிங்கம் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“தம்பி, இந்த ஊர்ல கால வச்சவன் திரும்பிப் போகமாட்டான்” என்றார்.

அப்படியானால் நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. வந்ததும் வராததுமாகக் கேட்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைத்தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. தோட்டங்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் கும்பல் கும்பலாக நின்றார்கள். நகைக்கடை, அரிசிக்கடை, கருவாட்டுக்கடை, சலூன் எதிலும் இடமில்லை. ராமலிங்கத்தின் கடையில் சேலைகள் மலைபோல் பிரிந்து கிடந்தன. அவருடைய மனைவி பாக்கியம் அந்த மலைக்கு நடுவே நின்று, ஒருத்திக்குச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டே இன்னொருத்தியிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தாள். வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே, “பாக்கியம்க்கா எங்க?” என்றுதான் கேட்டார்கள். ராமலிங்கம் கல்லாவில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது பெண்ணின் தகப்பன் சிரிக்கிற சிரிப்பு அது.

மத்தியானம் மாடியில் சாப்பாடு. கோதுமை மாவு ரொட்டி, தட்டு அளவுக்குப் பெரிதாக, கனமாக. தேங்காயும் மிளகாயும் மாசிக்கருவாடும் சேர்த்து இடித்த சம்பல். முதல் வாயிலேயே கண்ணீர் வந்தது. பாக்கியம் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றினாள். தேயிலை விளைகிற ஊராயிற்றே என்று ஆவலாகக் குடித்தேன். வெறும் தூசி.

“நல்ல தூளெல்லாம் கப்பல்ல போயிரும் தம்பி. எங்களுக்கு மிச்சம்தான்” என்றாள்.

சாயங்காலம் நான் தனியாகக் கிளம்பிப் போய் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தேன். வியாபாரம் எப்படி என்று தேநீர்க்கடைக்காரரிடம் கேட்டேன். “அமோகம்” என்றார். கருவாட்டுக்கடைக்காரரும் “அமோகம்” என்றார். பக்கத்து பேக்கரியின் சிங்கள முதலாளிகூட, “யாவாரம் அமோகம் மாத்தயா” என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொன்னார். மூன்று பேர் வாயிலும் ஒரே சொல். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று என் மனம் அடித்துச் சொல்லியது. தேநீர்க்கடை மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர், நான் கேட்டதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பள்ளிக்கூட மாஸ்டர் என்று பிறகு தெரிந்தது. அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஞாயிறு காலை சந்தேகத்துக்கு ஓர் ஆதாரமும் கிடைத்தது. முதல்நாள் கறுப்புக் குடை வாங்கிப்போன, மூக்கில் பெரிய பேசரி போட்ட பெண் மறுபடியும் கடையில் நின்றாள். மறுபடியும் அதே மாதிரி குடையை வாங்கிக்கொண்டு போனாள். ஆளை வைத்துக் கூட்டம் காட்டுகிறார்களா? நாடகத்தில் ராஜாவின் படைவீரர்களாக நாலே பேர் திரைக்குப் பின்னால் ஓடி ஓடித் திரும்பத் திரும்ப வருவார்களே, அதுபோலவா?

அன்று பிற்பகல் ராமலிங்கத்திடம் சொல்லாமல் தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். பக்கத்து ஊர்க் கடைகளையும் பார்த்துவிட்டால் உண்மை தெரியும் என்பது என் கணக்கு. பஸ்ஸில் ஆட்களோடு இரண்டு கோழியும் ஒரு தையல் மெஷினும் பயணம் செய்தன. ஒரு வளைவில் மேடு ஏற முடியாமல் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் எல்லாரையும் இறங்கச் சொன்னார். பக்கத்தில் கிடுகிடு பள்ளம். அதன் அடியில் வெள்ளை நூலாக ஓர் ஆறு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் தள்ளினேன். எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தவள் பேசரிக்காரி.

விடக்கூடாது என்று கேட்டுவிட்டேன். “ஏம்மா, நேத்து ஒரு குடை, இன்னிக்கு ஒரு குடையா?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இவுரு என்ன, சீஐடியா?” என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். “நேத்து வாங்குனதுல கம்பி ஒடஞ்சிருந்துச்சுங்க. பாக்கியம்க்கா மாத்திக் குடுத்தாங்க. சம்பளம் போட்ட லீவு இன்னிக்கோட முடியுது. இன்னிக்கு மாத்தாட்டி அடுத்த சம்பளத்துக்குத்தானே டவுன் பக்கம் வருவோம்? அதுவரைக்கும் மழ நிக்குமா?”

எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒன்று மனதில் தைத்தது. சம்பளம் போட்ட சனி ஞாயிறு. நான் எந்த நாளில் வரவேண்டும் என்று குறித்து எழுதியவர் ராமலிங்கம். சம்பளம் போடுகிற நாளாகப் பார்த்து என்னை வரவழைத்திருக்கிறார்! தலவாக்கலைக் கடைகளிலும் அதே சம்பளக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை நான் ஊர் திரும்பவேண்டிய நாள். விடிய விடிய மழை. கீழே எங்கோ தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டது. அதைக் கேட்டதும் ராமலிங்கம் பதறிப்போனார்.

“ரயில் இல்லாட்டி என்ன தம்பி, கண்டி பஸ்ல ஏத்திவிடுறேன். அங்கேருந்து ரயில் இருக்கும்.”

விருந்தாளியை இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று சொல்வதுதான் நம் ஊர் வழக்கம். இவர் என் பெட்டியைத் தானே எடுத்து வாசலில் வைத்தார். நான் தலைவலி என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அவர் எதை மறைக்க நினைத்தார் என்பதை மத்தியானம் மாடி ஜன்னலிலிருந்தே பார்த்தேன். தெருவில் ஆளே இல்லை. இரண்டு நாள் முன்பு நடக்க இடமில்லாத கடைத்தெருவில் ஒரு நாய் நடுரோட்டில் படுத்துத் தூங்கியது. கருவாட்டுக்கடைக்காரர் ஈ ஓட்டினார். செவ்வாயும் அப்படியே. தோட்டத்து ஜனங்கள் மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, ஊர் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்த சம்பளத்துக்குக் காத்திருந்தது. எங்கள் திருச்சியில் கோயிலுக்கு வருகிறவன் ஒருவன், கோர்ட்டுக்கு வருகிறவன் ஒருவன், ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் ஒருவன். ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் வாங்குவான். இங்கே மலைமேல் கொழுந்து பறிக்கிற கை நின்றால் கீழே தராசும் நின்றுவிடும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அன்றும் ஆள் இருந்தது. போட்டோ ஸ்டூடியோ. மழையில் நனைந்த குடும்பங்கள் வரிசையாக நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தலையை வாரிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போய்வந்தார்கள். கல்யாணம் என்றால் சிரிப்பு இருக்கும். இவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

செவ்வாய் காலையிலேயே ராமலிங்கம் சரக்கு எடுக்க என்று சொல்லிக் கண்டிக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். இருக்கிற சரக்கே விற்காதபோது என்ன சரக்கு? கடையில் பாக்கியம் மட்டும் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவில் என்ன கூட்டம் என்று அவளைக் கேட்டேன்.

“பாஸ்போட்டுக்குப் படம் புடிக்கிறாங்க” என்றாள். “இங்க பொறந்தவங்கதான். இந்த நாட்டுப் பிரஜை இல்லேன்னு சொல்லிட்டாங்க. பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டாங்க, தள்ளிவிட்டாங்க. இனிமே இந்தியாவுலயாவது சேத்துக்குவாங்களான்னு பாக்குறாங்க.”

சொல்லிவிட்டு மடித்த சேலையை அடுக்கில் வைத்தாள். பிறகு திரும்பி என்னை நேராகப் பார்த்தாள்.

“தம்பி, இந்தக் கடைய வாங்காதீங்க. அவரு கண்டிக்குச் சரக்கெடுக்கப் போகல. விசாவுக்காகப் போயிருக்காரு. இனிமே நீட்டிக்க மாட்டோம், பொறப்படுன்னு சொல்லிட்டாங்க. இந்தியாக்கார யாவாரிங்க எல்லாருக்கும் அதேதான். நாளைக்கு உங்க அண்ணன் வந்தா அவருக்கு மட்டும் குடுப்பாங்களா?”

“உங்களுக்கு?”

“நான் போகத் தேவையில்ல. எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமை கெடச்சுச்சு. பூண்டுலோயாவுல தோட்டத்துல வேல செஞ்சவரு. தாத்தா இங்க வந்தது, அவரு இங்க பொறந்தது, எல்லாத்தையும் காட்டுன்னாங்க. வெள்ளக்காரத் தொரை வீட்டு வாசல்லயும் கவர்மெண்டு கச்சேரியிலயும் செருப்பில்லாம நின்னு நின்னு வாங்குனாரு. அதுல என் பேரும் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதுனது.”

கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இவள் கடையைத் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள், அதற்காக என்னை விரட்டுகிறாள் என்பதுதான். குடையை எடுத்துக்கொண்டு நேராக மாஸ்டரைத் தேடிப் போனேன். இந்த ஊரில் “அமோகம்” என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தானே.

பள்ளிக்கூடம் விட்டு, தேநீர்க்கடையில் அதே மூலையில் இருந்தார். நான் கேட்டு முடிக்கும்வரை பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“கடை வாங்க எண்டு வந்தனீங்கள். அது அண்டைக்கே விளங்கினது” என்றார். “அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஊர் பாக்க எண்டால் உங்களுக்கு விசா தருவினம். கடை வைக்க எண்டால் தரமாட்டினம். உங்கட அண்ணை அங்கத்தைக் கடையையும் வித்துப்போட்டு இங்க வந்து இறங்கினால், திரும்பிப் போற கப்பலைத்தான் பாக்கவேணும்.”

“அப்படியென்றால் எல்லாரும் அமோகம் அமோகம் என்றார்களே?”

“பேக்கரிக்காரர் அண்டைய சம்பள யாவாரத்தைச் சொல்லியிருப்பார். மற்ற எல்லாரும் தங்கட கடையை விக்கத்தான் பாக்கினம்” என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை விரித்தார்.

புதன் காலை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, ரயில் ஓடுமா என்று கேட்க ஸ்டேஷனுக்குப் போனேன். மத்தியானம் ஒரு வண்டி விடுவார்கள் என்றார்கள். அதே நேரம் கண்டி பஸ்ஸில் வந்து இறங்கிய ராமலிங்கம் என்னைக் கண்டு நின்றார். என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டார். ஸ்டேஷன் பெஞ்சில் நனைந்த கோட்டோடு உட்கார்ந்தார்.

“சொல்லிட்டாளா?”

“எங்க அண்ணன் கடையை வித்துட்டுப் பிள்ளைகுட்டியோட வந்து இங்க நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? நீங்க அதை நெனச்சீங்களா?” என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நெனச்சேன்” என்றார். “நெனச்சிட்டுத்தான் எழுதுனேன்.”

அடிக்கக் கை வந்தது. அவர் மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எனக்குக் காசு பெருசில்ல தம்பி. கடை இருக்குற வரைக்கும் அவ என்கூட வரமாட்டா. கடை போயிருச்சுன்னா இங்க அவளுக்குப் புடிச்சு நிக்க ஒண்ணும் இல்ல, வந்துருவான்னு பாத்தேன். இந்த ஊர்ல எல்லாருக்கும் விஷயம் தெரியும், எவனும் வாங்கமாட்டான். தெரியாத ஆளு உங்கண்ணன் ஒருத்தர்தான்.” திரும்பி என் கையைப் பிடித்தார். “இப்ப ஒரு உபகாரம் செய்யுங்க. நீங்க வாங்க வேணாம். வாங்குறேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மட்டும் போங்க. நான் அவளைக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிருவேன்.”

நான் கையை விடுவித்துக்கொண்டு குடையை விரித்தேன். கடை வரைக்கும் இருவரும் ஒரே குடையில் நடந்தோம். வந்த நாளிலிருந்து இந்த மனுஷனின் ஒவ்வொரு சிரிப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று அதற்கு அடியில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாக்கியம் மாடியில் சோறும் பருப்பும் ரசமும் முருங்கைக்கீரையும் செய்து வைத்திருந்தாள். எனக்கு மட்டும் சம்பலில் மிளகாயைக் குறைத்திருந்தாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு நின்றபடியே கேட்டாள்.

“என்ன தம்பி, முடிவு பண்ணிட்டீங்களா? வாங்குறீங்களா?”

ராமலிங்கம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சோற்றைப் பிசைந்த விரல்கள் அப்படியே நின்றன. ஒரு வார்த்தை. எனக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வாய்வரைக்கும் வந்தது.

“இல்ல அண்ணி. வாங்கல” என்றேன்.

அவர் நிமிரவில்லை. அவள்தான் அவர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்குப் பட்டது.

“உங்ககூட வரமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? கடைய வித்துட்டு வரமாட்டேன்னுதான் சொன்னேன். எங்கப்பா வாங்கிக் குடுத்த பிரஜாவுரிமைய நானே கடல்ல தூக்கிப் போட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னேன். நீங்க இப்ப போங்க. போகச் சொல்லிட்டாங்க, போய்த்தான் ஆகணும். கடைய நான் பாத்துக்கிறேன். கடை இருந்தா என்னைக்காவது நீங்க திரும்பி வர ஒரு வாசல் இருக்கும். வித்துட்டா நாம ரெண்டு பேரும் உங்க துறையூர்ல யாரு? இங்க யாரு?”

நான் என்ன செய்வதென்று தெரியாமல் ரசத்துக்குக் கை நீட்டினேன். அவள் ஊற்றினாள். ராமலிங்கமும் தட்டை நகர்த்தி, “எனக்கும் ஊத்து” என்றார். அவ்வளவுதான்.

ஸ்டேஷனுக்கு அவர்தான் என் பெட்டியைத் தூக்கி வந்தார். வண்டி நகரும்போது ஜன்னல் பக்கத்தில் நடந்துகொண்டே, “ஒரு பொய் சொல்லியிருக்கலாம் தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

திருச்சியில் அண்ணன் முதலில் என்னை நம்பவில்லை. நான் பயந்து ஓடி வந்துவிட்டதாகச் சொல்லி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் ராமலிங்கமே ஒற்றைப் பெட்டியோடு எங்கள் கடை வாசலில் வந்து நின்றபோதுதான் நம்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ராமலிங்கம் துறையூரில் சின்னதாக ஒரு கடை போட்டுக்கொண்டார். பாக்கியம் ஹட்டனில் கடையை நடத்தினாள். சம்பளச் சனிக்கிழமைகளில் கூட்டம் குறையவில்லை என்று கேள்வி. ஊர் பார்க்கத் தருகிற விசா கிடைக்கும்போதெல்லாம் அவர் கப்பலேறிப் போய்வந்தார்.

ஒரு தரம் அப்படிப் போய்த் திரும்பியவரிடம், “கடை எப்படி இருக்கிறது அண்ணே?” என்று கேட்டேன்.

“என்னையக் கல்லாவுல உக்கார விடமாட்டேங்கிறா” என்றார். “விருந்தாளியா வந்தவரு வேல செய்யிறாருன்னு போலீஸ்ல எவனாவது சொல்லிட்டா அடுத்த தடவை விசா தரமாட்டாங்களாம். அதனால சேல வாங்க வர்றவங்க உக்கார்ற பெஞ்சு இருக்குல்ல, அதுல உக்காந்துக்கிட்டு அவளைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.”